ஆதரவு கேட்கவில்லை, வழியை மறிக்காதீர்

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பத்தாண்டு காலம் நம் வீடுகளிலும் மன்றப் படிப்பகங்களிலும் ஓடிய இயக்குதளம் அது. அடுத்து வந்த விண்டோஸ் 11-ஐ ஏற்றிக்கொள்ளலாமே என்றால், இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும் என்று நிபந்தனை. மும்பையில் நம்மவர்களிடம் இருப்பவையோ பெரும்பாலும் கம்பெனிகள் கழித்துவிட்டு, லாமிங்டன் ரோட்டுக் கடைகள் வழியாக நம் கைக்கு வந்து சேர்ந்த கணிப்பொறிகள். நான்காம் தலைமுறை, ஆறாம் தலைமுறை. கெட்டுப்போகவில்லை, நன்றாகவே ஓடுகின்றன. ஆயினும் ஒரே நாளில் அவை தகுதி இழந்தன.

மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்து அதனுடன் கணிப்பொறியை இணைத்துக்கொண்டாலோ, 30 டாலர் கட்டினாலோ பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் ஓராண்டு தருவதாகச் சொன்னார்கள். அந்தத் தவணையும் 2026 அக்டோபர் 13 வரைதான். கெனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் போட்ட கணக்குப்படி, இந்த ஒரு முடிவினால் உலகெங்கும் 24 கோடிக் கணிப்பொறிகள் குப்பைக்குப் போகக்கூடும். அந்தக் குப்பை எங்கே வந்து இறங்கும், தில்லி சீலம்பூர் போன்ற இடங்களில் பலகைகளை உடைத்துச் செம்பு பிரிக்கும் கைகள் யாருடையவை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதையொட்டி நம் கிளைகளில் ஒரு விவாதம் எழுந்திருக்கிறது. கணிப்பொறிகளைக் கழிக்க வேண்டாம், லினக்ஸ் என்னும் விலையில்லா இயக்குதளத்தை ஏற்றி ஓட்டலாம் என்கிறார்கள் ஒரு சாரார். கடிதம் எழுதவும், தேர்வு விண்ணப்பம் அனுப்பவும், வேலைச் செய்தி தேடவும் அது போதும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கேரளத்து அரசுப் பள்ளிகள் இருபது ஆண்டுகளாக இவ்வகை இயக்குதளத்தில்தான் பிள்ளைகளுக்குக் கணிப்பொறி கற்பிக்கின்றன. ஆனால் மறுப்பு நாம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. “அதில் கேம் ஓடாதே!” என்றார்கள் பிள்ளைகள். பெற்றோரிலும் சிலர் ஆமாம் போட்டார்கள்.

இதைச் சின்னப் பிள்ளைகளின் பேச்சு என்று ஒதுக்கிவிட நாம் தயாராக இல்லை. உண்மையை ஒளிப்பானேன்? படிப்பகத்துக்குள் பிள்ளைகளை அழைத்து வந்தவை நாம் அடுக்கி வைத்த நூல்கள் அல்ல. காவுண்டர் ஸ்டிரைக்கும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும்தான். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, ஓடி ஆட மைதானமும் இல்லாதபோது, அந்தத் திரையின் முன்னால் ஒரு மணி நேரம் அமர்கிறான். அமர்ந்தவன் பிறகு அதே விசைப்பலகையில் தட்டச்சு பழகினான், பிறகு அக்கவுண்ட்ஸ் பழகினான். ஆகவே கேம் ஓடுமா ஓடாதா என்பது படிப்பகம் நடக்குமா நடக்காதா என்ற கேள்வியாகவே நம் முன் நிற்கிறது. அரசியல் ஏட்டில் விளையாட்டுக்கு இவ்வளவு இடமா என்று முகம் சுளிக்கும் மூத்த தோழர்கள் பொறுத்தருள்க.

சரி, ஓடாது என்று சொல்வது யார்? முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேம் விற்கும் நிறுவனம் தன் பெட்டியின் மீது “விண்டோஸ் மட்டும்” என்று எழுதுகிறது. அதன் பொருள்: விண்டோஸில் நாங்கள் ஓட்டிப் பார்த்தோம், அதில் கோளாறு வந்தால் எங்களைக் கேளுங்கள், வேறொன்றில் ஓட்டிப் பார்க்கவில்லை, அதில் கோளாறு வந்தால் எங்களிடம் வராதீர்கள். வணிகன் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறான். இதில் நமக்குச் சண்டையில்லை. ஆதரவு தருவது அவன் விருப்பம். தராதிருப்பதும் அவன் விருப்பம். ஆனால் ஆதரவு தராதிருப்பது ஒன்று, வேறொருவன் தன் உழைப்பால் ஓட்டிக் காட்டும்போது குறுக்கே நின்று மறிப்பது முற்றிலும் வேறொன்று. இந்த இரண்டையும் “ஓடாது” என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டார்கள். நம் பிள்ளைகளும் அதைப் பிரிக்காமல் நம்பிவிட்டார்கள்.

ஓட்டிக் காட்டியவர்கள் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஒரு கேம் தானே எல்லா வேலையையும் செய்வதில்லை. இந்தக் கோப்பைத் திற, இந்த ஒலியை எழுப்பு, இந்த உருவத்தைத் திரையில் வரை என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை இயக்குதளத்திடம் நீட்டிக்கொண்டே இருக்கிறது. அதே வேலைகளை லினக்ஸும் செய்யும். ஆனால் விண்ணப்பப் படிவம் வேறு. கட்டங்களின் பெயர் வேறு. முதன்முதலாக ஊரிலிருந்து தாதரில் வந்திறங்கியவர் ரேஷன் அலுவலகத்தில் மராத்திப் படிவத்தைப் பார்த்து விழித்து நிற்பாரே, அந்த நிலைதான் லினக்ஸில் வந்து விழும் விண்டோஸ் கேமுக்கும். அவருக்கு வேண்டிய அரிசி உள்ளே இருக்கிறது. கேட்கும் மொழிதான் இல்லை. அப்போது நம் சங்கத் தோழர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து அவர் தமிழில் சொல்வதைக் கேட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பார். வைன் என்னும் மென்பொருள் செய்வது ஏறக்குறைய இதே தொண்டு.

1993-இல் அது தொடங்கியது. 1994 முதல் அலெக்சாந்த்ர் ஜூலியார் என்பவர் தலைமையில் நடந்து வருகிறது. விண்டோஸின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க இவர்களுக்கு அனுமதி கிடையாது. வெளியிலிருந்து, இந்த விண்ணப்பத்துக்கு இந்த விடை வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதே விடையைத் தரும் பகுதியைப் புதிதாக எழுத வேண்டும். முதல் முழுப் பதிப்பு என்று அவர்கள் அறிவித்தது 2008 சூன் 17-இல். பதினைந்து ஆண்டுகள்! பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கொக்கைச் சொல்வதை இனி விட்டுவிடலாம்.

இதற்கிடையே மற்றொரு வழியையும் முயன்று பார்த்தார்கள். 1998-இல் அமெரிக்காவில் லோக்கி என்றொரு நிறுவனம் தோன்றியது. கேம் நிறுவனங்களிடம் உரிமம் பெற்று, அவர்களின் கேம்களை லினக்ஸுக்கென முறையாக மாற்றி எழுதி விற்பது அதன் தொழில். சிவிலைசேஷன், குவேக் 3 முதலியவற்றை அப்படிக் கொண்டுவந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள். எனினும் வாங்குவோர் சிலர், உரிமச் செலவு பெரிது. 2002 சனவரியில் கடையை மூடினார்கள். ஆதரவு கேட்டுக் கதவைத் தட்டும் வழி அது. ஒவ்வொரு கேமுக்கும் ஒவ்வொரு கதவு. நாமும் அரசு அலுவலகங்களில் அவ்வழியில் தேய்த்த செருப்புகள் எத்தனையோ.

அதே 2002-இல் வைன் அமைப்பினர் செய்த ஒரு காரியம் தொழிற்சங்கத்தார் கவனிக்க வேண்டியது. அதுவரை அவர்கள் எழுதியதை எவரும் எடுத்துத் தம் சரக்கில் சேர்த்து விற்கலாம், திரும்ப எதுவும் தர வேண்டியதில்லை என்றிருந்தது. டிரான்ஸ்கேமிங் என்ற நிறுவனம் அதன் மீது கேம்களுக்கான பகுதிகளைச் சேர்த்துச் சந்தா வசூலித்தது. பொது உழைப்பு தனியார் கல்லாவில் கரைந்துபோகும் என்று கண்ட வைன் அமைப்பினர் உரிமத்தை மாற்றினார்கள். இனி எடுக்கலாம், விற்கலாம். ஆனால் வைனில் செய்யும் மாற்றங்களைப் பொதுவில் வைத்தாக வேண்டும். கூலி கேட்கவில்லை, கொண்டுபோனதோடு சேர்த்ததையும் திருப்பி வை என்றார்கள். பின்னாளில் பெரும் பணத்தோடு ஒரு நிறுவனம் உள்ளே வந்தபோது இந்த ஒரு நிபந்தனைதான் வைனைக் காப்பாற்றியது.

அந்த நிறுவனம் வால்வ். ஸ்டீம் என்னும் கேம் கடையின் சொந்தக்காரர்கள். அவர்கள் லினக்ஸுக்கு வந்தது நம் மீதுள்ள அன்பினால் அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 2012-இல் விண்டோஸ் 8-உடன் மைக்ரோசாப்ட் தனக்கென ஒரு கடையையும் திறந்தது. தெருவுக்குச் சொந்தக்காரனே கடை போட்டால் வாடகைக் கடைக்காரன் கதி என்ன? விண்டோஸ் 8 பெருங்கேடு என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் அவ்வாண்டு வெளிப்படையாகவே பேசினார். 2013-இல் ஸ்டீம் கடை லினக்ஸுக்கு வந்தது. 2015-இல் ஸ்டீம் மெஷின் என்று தனிக் கணிப்பொறிகளை விற்கப் பார்த்துத் தோற்றார்கள். ஓடுவதற்குக் கேம்கள் போதவில்லை. அதாவது அப்போதும் கதவைத் தட்டும் வழியையே நம்பியிருந்தார்கள்.

திருப்பம் வேறோர் இடத்தில் நேர்ந்தது. கேம்களின் படம் வரையும் விண்ணப்பங்கள் டைரக்ட்3டி என்ற மைக்ரோசாப்ட் படிவத்தில் இருக்கும். வைனுக்கு நெடுங்காலம் சுவராக நின்றது அதுவே. 2016-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து வல்கன் என்னும் பொதுப் படிவத்தைக் கொண்டுவந்தன. நியர்: ஆட்டோமேட்டா என்ற ஜப்பானிய கேமைத் தம் லினக்ஸ் கணிப்பொறியில் ஆட விரும்பிய ஓர் இளைஞர், டைரக்ட்3டி விண்ணப்பங்களை வல்கனுக்கு மொழிபெயர்க்கும் டி.எக்ஸ்.வி.கே. என்ற ஒன்றை எழுதத் தொடங்கினார். வால்வ் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. வைனையும் இதையும் இணைத்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் வெளியிட்டது. முதல் நாள் உறுதியளித்துப் பட்டியலிட்டவை 27 கேம்கள் மட்டுமே. இன்று அந்தக் கடையில் விற்கும் விண்டோஸ் கேம்களில் பெரும்பகுதி, எழுதியவன் ஒரு வரிகூட மாற்றாமல், லினக்ஸில் ஓடுகிறது. 2022 பிப்ரவரியில் வால்வ் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்னும் கையடக்கப் பொறி லினக்ஸில்தான் இயங்குகிறது. அதை வாங்கி ஆடுகிறவர்களில் பலருக்கு அந்தச் செய்தியே தெரியாது. 2025 அக்டோபரில் ஸ்டீம் எடுத்த கணக்கில் லினக்ஸின் பங்கு முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. சிறு தொகைதான். ஆனால் எந்த நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலிலும் பெயரில்லாதவர்கள் கட்டிய 3 விழுக்காடு அது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லாமல் விட முடியவில்லை. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள்களை 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. விண்டோஸ் 11 என்பதோ 64 பிட்டில் மட்டுமே வருகிறது. அதே பழைய மென்பொருளை வைன் இன்றும் ஓட்டுகிறது. பெற்ற தாய் கைவிட்ட பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி சோறூட்டி வளர்க்கும் கதை இது.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் முதல் விடை: பெரும்பாலும் ஓடும். காவுண்டர் ஸ்டிரைக் 1.6 2013-லேயே நேரடியாக லினக்ஸுக்கு வந்துவிட்டது. இடையில் எவரும் மொழிபெயர்க்கவும் வேண்டாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் புரோட்டான் வழியாக ஓடும்.

வாசலில் நிற்கும் காவலன்

ஓடாதவை எவை என்று பார்த்தால்தான் அரசியல் தெரிகிறது.

பலர் கூடி இணைய வழியில் ஆடும் கேம்களில் கள்ள ஆட்டத்தைப் பிடிக்க ஒரு காவல் மென்பொருளை வைக்கிறார்கள். ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்று இரண்டு பெயர்கள் பெரிது. இவை லினக்ஸை ஏற்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. 2021 செப்டம்பரில் இரண்டுமே புரோட்டானில் இயங்கத் தயார் என்று அறிவித்துவிட்டன. கேம் நிறுவனம் சம்மதம் தெரிவித்தால் போதும். அதாவது தொழில்நுட்பத் தடை அன்றோடு பெரும்பாலும் தீர்ந்தது. அதற்குப் பிறகு மறிப்பதெல்லாம் மனம் இல்லாததால் மறிப்பதுதான்.

ஈசி ஆன்டி-சீட் யாருடையது? எபிக் நிறுவனத்துடையது. அந்தக் காவலனை மற்றவர்கள் லினக்ஸில் நிறுத்திக்கொள்ளலாம் என்று அனுமதித்த எபிக், தன் சொந்த கேமாகிய ஃபோர்ட்நைட்டுக்கு மட்டும் 2022 பிப்ரவரியில் இல்லை என்றது. அடுத்து கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5. விலை கொடுத்து வாங்கி, ஸ்டீம் டெக்கிலும் லினக்ஸிலும் இணைய ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். 2024 செப்டம்பர் 17-இல் ஓர் அப்டேட் வந்தது. பேட்டில்ஐ உள்ளே வந்தது. அவர்கள் வெளியே போனார்கள். பேட்டில்ஐ லினக்ஸை ஏற்கும் காவலன் என்பதை மறவாதீர்கள். அதே ஆண்டு அக்டோபர் 31-இல் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற கேம், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் திறந்து வைத்திருந்த கதவை லினக்ஸ் பயனாளிகளுக்கு அடைத்தது.

அவர்கள் தரப்பையும் கேட்போம். லினக்ஸ் திறந்த அமைப்பு. அதன் உட்கருவாகிய கெர்னலையே ஒருவன் மாற்றி எழுதிக்கொள்ள முடியும். அவ்வாறு மாற்றிய ஒன்றில் காவலன் ஏமாறுவான். ஆடுவோர் சிலர், கள்ளர் விகிதமோ அதிகம் என்கிறார்கள். இதில் ஒரு பாதி உண்மை உண்டு. பரிசுப் பணம் வைத்து நடக்கும் போட்டியில், எங்கள் பொறியில்தான் ஆட வேண்டும் என்று அவர்கள் விதித்தால் நாம் எதிர்க்க மாட்டோம். மற்றப் பாதிதான் இடிக்கிறது. லினக்ஸை வெளியேற்றிய பிறகும் விண்டோஸில் கள்ள ஆட்டம் ஒழிந்தபாடில்லை. கள்ளச் சாவி விற்போர் முதலில் குறிவைப்பது கூட்டம் இருக்கும் இடத்தை. நூற்றில் மூன்று பேரைத் துரத்திவிட்டு ஊரில் திருட்டு ஒழிந்தது என்று பறையறைவது நமக்குப் பழகிய வித்தை. இந்நகரில் குற்றம் நடந்தால் முதலில் யார் குடிசையைத் தட்டுவார்கள் என்பதைப் புலம்பெயர்ந்தவர்கள் அறிவோம்.

கவுண்டரின் உட்புறம் அமர்ந்து பிழைப்பவர் நாம். முன்பதிவுப் படிவத்தை நிரப்பியது பயணியா, அவர் பேரனா, வெளியே மேசை போட்டிருக்கும் ஆளா என்று நாம் கேட்பதில்லை. கட்டங்கள் சரியாக நிரம்பியிருக்கின்றனவா, பெயரும் வயதும் பயண நாளும் பொருந்துகின்றனவா என்று பார்த்து டிக்கெட் தருகிறோம். வண்டியில் ஏறியபின் அடையாள அட்டையைச் சரிபார்க்கப் பரிசோதகர் இருக்கிறார். கேம் உலகிலும் இது முடியும். ஒருவன் சுவருக்கு அப்பால் இருப்பவனைச் சுடுகிறானா, மனிதக் கைக்கு இயலாத வேகத்தில் குறிவைக்கிறானா என்பதைத் தங்கள் சர்வரில் அமர்ந்து பார்க்கலாம். அதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் காவலனை நம் வீட்டுக்குள் குடியேற்றுகிறார்கள்.

குடியேற்றம் என்று சொல்வது மிகையில்லை. 2020-இல் வேலரண்ட் கேமோடு வந்த வேன்கார்டு என்ற காவலன், விண்டோஸின் கெர்னலுக்குள், கணிப்பொறி விழிக்கும் நேரத்திலேயே வந்து அமர்ந்துகொள்கிறான். 2024-இல் அவனை லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் நியமித்தார்கள். வைன் வழியாக ஆண்டுக்கணக்கில் அதை ஆடி வந்தவர்களுக்கு அத்தோடு ஆட்டம் முடிந்தது. கெர்னலில் அந்நியரை அமர்த்துவது எத்தகைய ஆபத்து என்பதை 2024 சூலை 19-இல் உலகமே கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஓர் அப்டேட், மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளைச் சாய்த்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது கேம் காவலன் அல்ல என்பது சரி. அவன் அமர்ந்திருந்த நாற்காலி இதே நாற்காலி.

வழிமறிப்பில் இன்னொரு வகையும் உண்டு. இதில் விண்டோஸ், லினக்ஸ் என்ற பேதமே இல்லை. 2014-இல் விற்கத் தொடங்கிய தி க்ரூ என்ற கார் பந்தயத்தை யூபிசாப்ட் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. இணைப்பு இல்லாமல் தனியே ஆடவும் வழி வைக்கவில்லை. பிறகு, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துக்கொண்டது. ஆர்வலர்கள் தம் செலவில் ஒரு சர்வர் கட்டி ஓட்டிக்கொள்கிறோம் என்றாலும் கையில் கேம் இருந்தால்தானே? நம் ஊர்ப் பிரௌசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே ஆடிய வைஸ் சிட்டியின் பழைய பதிப்பை 2021-இல் புதுப் பதிப்பு வரும் வேளையில் இணையக் கடைகளிலிருந்து அகற்றினார்கள். வால்வும் உத்தமன் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2019 சனவரி 1-லும், விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் 2024 சனவரி 1-லும் ஸ்டீமின் ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 7-இல் வாங்கிய கேம் அந்தக் கணிப்பொறியில் இன்னும் ஓடக்கூடியதுதான். கடையின் வாசல் வழியாகப் போய்த்தான் அதைத் தொட வேண்டும் என்பதால் கடை மூடும்போது கேமும் அகப்பட்டுக்கொள்கிறது. நாளை லினக்ஸ் தேவையில்லை என்று வால்வ் முடிவெடுத்தால் ஸ்டீம் கதவும் அவ்வாறே அடைபடலாம். ஆனால் வைன் நிற்கும். 2002-இல் மாற்றிய அந்த உரிமம் அதற்காகத்தான். பூட்டில்லாமல் கேம் விற்கும் ஜி.ஓ.ஜி. போன்ற கடையில் வாங்கியதை எந்தக் கடைக்காரன் தயவும் இல்லாமல் வைனில் ஓட்டிக்கொள்ளலாம். நம் படிப்பகங்களுக்கு இயன்றவரை அவ்வகையே வாங்க வேண்டும் என்பது நம் கருத்து.

சட்டம் எந்தப் பக்கம்?

பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியும் வைனில் ஓட்டுவதும் ஒன்றே என்று நினைக்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 1999-இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், தனியே எழுதப்பட்ட வேறொரு மென்பொருள் அதனோடு சேர்ந்து இயங்குவதற்குத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதை அறிவதற்கு வேண்டிய செயல்கள் பதிப்புரிமை மீறல் ஆகா என்கிறது அது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2021 ஏப்ரலில் கூகுள் – ஆரக்கிள் வழக்கில், ஜாவாவின் விண்ணப்பப் படிவங்களைக் கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது.

விற்ற பொருளைத் திரும்பப் பறிப்பதைப் பற்றியும் உலகம் விழித்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2025 சனவரி 1 முதல், உரிமம் மட்டுமே தருகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் சரக்கை “வாங்குங்கள்” என்று விளம்பரப்படுத்தக் கூடாது. ஐரோப்பாவில், விற்ற கேமை ஆட முடியாமல் ஆக்காதே என்று கோரும் மனுவில் 2025 சூலைக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறிக்க இடம் தருவதை நேர்மையற்ற ஒப்பந்தங்களில் ஒன்றாகச் சொல்கிறது. மாநில ஆணையத்தில் முறையிடவும் இடம் வைத்திருக்கிறது. விலை வாங்கிய பின் கேமைப் பறிப்பதையும், ஓடிக்கொண்டிருந்ததை அப்டேட் போட்டு நிறுத்துவதையும் இந்தப் பிரிவின்கீழ் வைத்து வாதாட முடியும் என்று நாம் கருதுகிறோம். 2015 முதல் ஸ்டீம் ரூபாயில் விலை போட்டு நம்மிடம் விற்கிறது. ரூபாய் வாங்குகிறவர்களுக்கு ரூபாய் நாட்டின் சட்டமும் உண்டு.

நம் கோரிக்கை சிறியது. லினக்ஸில் ஓட்டிப் பாருங்கள், கோளாறு வந்தால் பதில் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. காவலனிடம் அந்தச் சம்மதத்தைக் கொடுங்கள். தனியாக ஆடும் பகுதிக்குக் காவல் கேட்காதீர்கள். கடையை மூடும்போது சாவியை வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். ஓட்டிக்கொள்வது எங்கள் பாடு.

படிப்பகங்களுக்கு: ஆறாம் தலைமுறைச் செயலியும் 8 ஜி.பி. நினைவகமும் உள்ளவற்றில் லினக்ஸ் ஏற்றத் தயங்க வேண்டாம். நான்காம் தலைமுறையில் வல்கன் முழுமையாக இல்லாததால் பழைய கேம்கள் மட்டுமே ஓடும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபோர்ட்நைட், வேலரண்ட், ஏபெக்ஸ், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவின் இணைய ஆட்டம் ஆகியவை ஓடா என்பதையும், ஏன் ஓடா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னால் பழி லினக்ஸ் மீது விழும். ஒன்றிரண்டு பொறிகளை இணைப்பில்லாமல் பழைய விண்டோஸிலேயே விட்டு வைப்பதிலும் தவறில்லை.

கிளைச் செயலாளர்கள் தம்மிடமுள்ள கணிப்பொறிகளின் பட்டியலையும், பிள்ளைகள் ஆடும் கேம்களின் பெயர்களையும் அடுத்த செயற்குழுவுக்கு முன் தலைமை நிலையத்துக்கு அனுப்ப வேண்டுகிறோம். பட்டியலில் செயலி எந்தத் தலைமுறை என்பதைத் தவறாமல் குறிக்கவும். “இன்டெல்” என்று மட்டும் எழுதினால் பயனில்லை.